மூன்றாவது பெட்டிப் பாசி

உட்லண்ட்ஸ்,
அக்டோபர் 9, வியாழன்.

அன்பு மகள் தாரணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே ஹோபார்ட்டில் நீயும் உன் பாசிகளும் அப்படியே இருக்க வேண்டும். குளிர் விட்டதா, கம்பளிச் சட்டை வந்து சேர்ந்ததா, அதைப் போட்டாயா அல்லது அலமாரிக்குப் போட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கடிதத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் இல்லை. கையில் போன் இருக்கும்போது இந்தக் கிழவனுக்கு எதற்குப் பேனா என்று நீ நினைப்பாய். ஆடி அமாவாசை அன்று உனக்காக நான் எடுத்துக் கொடுத்த மூன்றாவது பெட்டிப் பாசியைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், இருபத்தேழாம் தேதி நீ பிரிஸ்பேனில் மேடை ஏறுவதற்குள் சொல்லியாக வேண்டும். அதற்காக மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை நம் புளோக் மின்தூக்கி பழுதானதைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தேன். இரண்டாவது முறை உன் சித்தியின் முழங்கால். மூன்றாவது முறை நீயே, வேற ஏதாவது சொல்லணுமாப்பா என்று கேட்டாய், ஒன்றுமில்லை, சாப்பிட்டாயா என்றேன். அங்கே அப்போது மாலை நான்கு மணி, அந்த நேரத்தில் யார் சாப்பிடுவார்கள் என்று நீ சிரித்தாய். அதனால்தான் பேனா. பேனாவுக்கு முழங்கால் கதை தெரியாது.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இதுவும் தள்ளிப்போடுகிற வேலைதான் என்று எனக்கே தெரிகிறது. போன ஞாயிறு தீபாவளிச் சாமான் வாங்க லிட்டில் இந்தியா போனோம், சிராங்கூன் சாலையில் நடக்க இடமில்லை, விளக்கைப் பார்க்க வந்தவர்கள் பாதி, விளக்கோடு தங்களைப் படம் எடுக்க வந்தவர்கள் மீதி. மளிகைக் கடையில் ஓர் அம்மாள் அகார் அகார் பாக்கெட்டைக் கையில் எடுத்ததுதான் தாமதம், உன் அம்மா பக்கத்தில் போய், அதுவும் சிவப்புப் பாசியிலேர்ந்துதான் எடுக்கிறாங்க, என் மக அதுக்கு டாக்டர் என்றாள். அந்த அம்மாள் உடனே தன் தைராய்டைப் பற்றிக் கேட்டாள். உன் அம்மா சற்றும் தயங்காமல், எதுவும் அளவோட சாப்பிட்டா தப்பில்ல என்று மருந்து சொல்லி அனுப்பிவிட்டாள். நீ எட்டு வருடம் படித்ததை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். முன்பெல்லாம் நீ மாட்டுக்கு ஏப்பம் வராமல் செய்யப் பாசி ஆராய்ச்சி செய்கிறாய் என்று சொல்ல அவளுக்குக் கொஞ்சம் கூச்சம். நீ வேறு பாசிக்கு மாறியதிலிருந்து நிம்மதியாக இருக்கிறாள்.

உன் வேலையை நான் புரிந்துகொண்டிருப்பது இவ்வளவுதான், தப்பாக இருந்தால் திருத்து. அந்தச் சிவப்புப் பாசி கடல் தண்ணீரில் கரைந்திருக்கும் குளோரினையும் புரோமினையும் இழுத்துத் தனக்கென்று ஒரு சரக்கைத் தானே தயாரித்துக்கொள்கிறது, அந்தச் சரக்கு இருப்பதால் மீன் அதைக் கடிப்பதில்லை, கண்டதும் வந்து அதன் மேல் ஒட்டுவதில்லை. நீ முதன்முதலில் இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாக இருந்தது. முப்பத்தொரு வருடம் துவாஸ் கப்பல் பட்டறையில் பெயின்ட் இன்ஸ்பெக்டராக நின்றவன் நான். கப்பலின் அடிவயிற்றில் சிப்பியும் பாசியும் ஒட்டக் கூடாது என்று செம்பு கலந்த பெயின்ட் பூசுவோம், சாரம் கட்டி, மணல் அடித்துச் சுரண்டி, உப்பு இருக்கிறதா என்று சோதித்து, கோட்டுக்கு மேல் கோட்டு அடித்து அனுப்பினால் ஐந்து வருடத்தில் அதே கப்பல் தாடியும் மீசையுமாகத் திரும்பி வரும். இந்தப் பாசியோ சாரமும் இல்லாமல், ஓவர்டைமும் கேட்காமல் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. உன் ஆராய்ச்சியின் இன்னொரு பாதி உலோகம். தண்ணீரில் செம்போ துத்தநாகமோ காட்மியமோ துளி இருந்தாலும் பாசி அதை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும், வெளியே சொல்லாது, அந்த விஷயத்தில் அது நம் குடும்பத்துப் பிள்ளை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை நீ போன் செய்தாய். உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பல வருடமாகக் கேட்டதில்லை. முதல் இரண்டு பெட்டிப் பாசியில் கிலோவுக்கு ஆறு ஏழு மில்லிகிராம் செம்பு, நான் எடுத்த மூன்றாவது பெட்டியில் ஐம்பத்தெட்டு என்றாய். அது மட்டுமில்லை, அதே பெட்டியில் புரோமின் சரக்கும் இரண்டு மடங்கு, செம்பு ஏற ஏறப் பாசி பதறிப்போய்த் தன் சரக்கைக் கூடுதலாகக் காய்ச்சுகிறது, இதை இந்தப் பக்கத்துக் கடலில் யாரும் காட்டியதில்லை, பிரிஸ்பேனில் இதைத்தான் பேசப்போகிறேன் என்றாய். டிசம்பரோடு உன் ஒப்பந்தம் முடிகிறது, அந்தக் கூட்டத்துக்கு வரும் இரண்டு பேர் கையில்தான் உன் அடுத்த மூன்று வருடம் இருக்கிறது என்றும் சொன்னாய். கடைசியில் ஒன்று சொன்னாய், அதுதான் இன்னும் என் காதில் நிற்கிறது. வேற யாராவது எடுத்திருந்தா இந்த நம்பரை நம்பியிருக்கவே மாட்டேன்ப்பா, நீங்க எடுத்ததுனால சந்தேகமே வரல என்றாய். நான் அப்போது கூடத்தில் நின்றிருந்தேன். எதிரே சாமி அலமாரியில் செம்புத் தாம்பாளம் சாய்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்துகொண்டேன். அம்மா நான் ஆனந்தத்தில் உட்கார்ந்தேன் என்று நினைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

ஆடி அமாவாசை காலையில் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். அமாவாசை அன்று தண்ணீர் நன்றாக இறங்கும் என்று நீ நாள் குறித்தாய். அன்றுதான் தாத்தாவுக்குத் தர்ப்பணமும் கொடுக்க வேண்டும், ஒரே பயணத்தில் பிதுர் கடனும் பிள்ளைக் கடனும் தீரும் என்று அம்மாவுக்குப் பரம திருப்தி. முந்தின நாள் மாலையே தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிட்டாள். உன் தோழி ஷபானாதான் பாசி எடுப்பதற்கான அனுமதிச் சீட்டோடு வந்திருந்தாள், தங்கமான பெண், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் விளக்கு. ஆறரை மணிக்கெல்லாம் கடல் பின்வாங்கிப் பாறைகள் தெரிந்தன. முதல் இரண்டு இடத்தை அவள் பார்த்துக்கொண்டாள், தண்ணீர் திரும்புவதற்குள் மூன்றாவது இடத்துக்குப் போக அவளுக்கு நேரமில்லை, அங்கிள் நீங்க அந்தப் பக்கம் பாத்துக்குங்க என்று ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பிளாஸ்டிக் கத்தரி, பிளாஸ்டிக் இடுக்கி, கையுறை எல்லாம் கொடுத்தாள். எல்லாம் பிளாஸ்டிக்காக இருப்பதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நீ அனுப்பிய குறிப்பிலும் உலோகம் படக் கூடாது என்று இருந்தது, படித்தேன், மகள் இரும்புக் கத்தி வேண்டாம் என்கிறாள், துரு ஏறும் என்று எனக்குள்ளேயே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். பட்டறையில் இருந்தவனுக்கு உலோகம் என்றால் இரும்பு, எதிரி என்றால் துரு.

பீட்ரூட் நிறத்தில் செடி செடியாக இருந்ததை வெட்டிப் பெட்டியில் போட்டு நிழலில் வைத்தேன். சூரியன் வந்ததும் தாம்பாளத்தை வைத்து, எள்ளும் தண்ணீரும் விட்டுத் தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுத்தேன். முடித்து எழுந்ததும் பாசியைச் சுத்தம் செய்ய வேண்டும், மணலும் பொடி நத்தையும் ஒட்டியிருந்தன, அகலமான தட்டு ஏதாவது வேண்டும். ஷபானாவின் தட்டு அவளிடம் இருந்தது, அவள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தாள். பக்கத்தில் இருந்ததோ புளி போட்டுத் தேய்த்த தாம்பாளம், சாமிக்கு வைப்பது, பெரியவர்களுக்கு நீர் விடுவது, நம் வீட்டில் அதைவிடச் சுத்தமான பாத்திரம் கிடையாது. கடல் தண்ணீரில் மூன்று முறை அலசினேன். பாசியைக் கொட்டினேன். மூழ்கும் அளவுக்குக் கடல் தண்ணீர் ஊற்றினேன். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் இடுக்கியால், உன் குறிப்பில் இருந்தபடியே ஒவ்வொரு நத்தையாக எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன் தாரணி. ஓர் எள்ளு ஒட்டியிருந்தது, அதையும் விடாமல் எடுத்துவிட்டு, இவ்வளவு சுத்தமான மாதிரி உன் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருக்காது என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். ஷபானா ஒன்பது மணிக்கு வந்தபோது பாசி மறுபடியும் பெட்டிக்குள் இருந்தது, தாம்பாளம் துணிப்பைக்குள் இருந்தது. அழகாகச் சீட்டு எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்து அவள் பாராட்டினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை இதுதான்.

ஆக அந்த ஐம்பத்தெட்டு மில்லிகிராம் கடலில் இருந்து வந்ததில்லை, உன் அம்மாவின் புளியும் என் பக்தியும் சேர்ந்து கொடுத்தது. புரோமின் ஏன் ஏறியது என்று எனக்குத் தெரியாது. செம்பில் ஊறிய பதற்றமாக இருக்கலாம், அல்லது ஒரு மணி நேரம் நான் இடுக்கியால் குடைந்ததைத் தாங்க முடியாமல் இருக்கலாம். என் குடைச்சலை முப்பத்தெட்டு வருடம் தாங்கியவளைக் கேட்டால் இரண்டாவதுதான் என்பாள்.

உன்னிடம் சொல்லுமுன் நிச்சயப்படுத்திக்கொள்ளலாம் என்று ஷபானாவுக்குப் போன் செய்தேன். நிச்சயப்படுத்துவது என்பது மரியாதையான வார்த்தை, தப்பிக்க வழி இருக்கிறதா என்று பார்த்தேன் என்பதே உண்மை. ஒருத்தர் தெரியாத்தனமா பாசியைச் செம்புத் தட்டுல ஊற வச்சா என்னம்மா ஆகும் என்று பொதுவாகக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, யாராவது அப்படிச் செய்வாங்களா அங்கிள் என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அடுத்து நம் முத்தலிப் மாமாவிடம் போனேன். பட்டறையில் மணல் அடிக்கும் பிரிவுக்கு ஃபோர்மேனாக இருந்தவன், இப்போது லிட்டில் இந்தியாவில் மருமகன் கடையில் உட்கார்ந்துகொண்டு வேலை செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறான். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் சொன்னது, முத்தையா, முப்பது வருஷம் நாமதானே கப்பல் கப்பலா செம்பு பூசிக் கடல்ல எறக்கினோம், அது தட்டு வழியா வந்தா என்ன, கப்பல் வழியா வந்தா என்ன, பிள்ளை சொல்றது பொய்யில்ல லா, கொஞ்சம் முன்னாடியே சொல்லுது, அவ்வளவுதான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அவன், அன்றும் அப்படித்தான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. உட்லண்ட்ஸ் வரும் வரை ரயிலில் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இன்னும் கொஞ்சம் நியாயமாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தால், மூன்று பெட்டிகளின் செம்பு அளவைக் காட்டி நீ அனுப்பிய படம் அம்மாவின் போனில் இருக்கிறது. இரண்டு குட்டைக் கம்பி, பக்கத்தில் ஒரு நெட்டைக் கம்பி, அந்த உயரமானது அப்பாவோடது என்று எழுதியிருந்தாய். அம்மா அதை நம் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டாள். ஈப்போவில் இருக்கும் உன் பெரியப்பா, கம்பி எதைக் காட்டுகிறது என்று தெரியாமலே வாழ்த்துச் சொல்லியிருந்தார். இன்னொருவர் இன்னும் உயரட்டும் என்று ஆசீர்வாதம் செய்திருந்தார். அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, இவ்வளவு நாளு சொல்லாம இருந்துட்டு இனிமே சொல்லி அவ பொழப்பைக் கெடுக்கணுமா என்றாள். அடுத்த நாள் காலையில் எனக்குத் தோசையை வைத்துக்கொண்டே, சொல்லிடுங்க, ஆனா தட்டை நான்தான் தேய்ச்சுக் கொடுத்தேன்னு மட்டும் எழுதாதீங்க என்றாள். எழுதிவிட்டேன், அவளிடம் சொல்லாதே.

பட்டறையில் எனக்கு உள்ளங்கை முத்தையா என்று ஒரு பெயர் இருந்தது உனக்குத் தெரியுமோ என்னவோ. சுத்தம் செய்த இரும்பின் மேல் ஒருவர் வெறுங்கையை வைத்துவிட்டால் போதும், வேர்வையில் உள்ள உப்பு அங்கே தங்கிவிடும், மேலே எத்தனை கோட்டு அடித்தாலும் ஒரு வருடத்தில் அதே கை வடிவத்தில் பெயின்ட் உரிந்து வரும். ஒரு வருடம் தீபாவளிக்கு முதல் நாள், தமிழ்நாட்டிலிருந்து வந்த எட்டுப் பேர் வேலையை முடித்துவிட்டு விடுதிக்குப் போய்க் கறி சமைக்கலாம் என்று நின்றார்கள். நான் விளக்கடித்துப் பார்த்தேன், ஓர் ஓரத்தில் ஒரு கைத்தடம். மொத்தப் பகுதியையும் மறுபடி மணல் அடிக்க வைத்தேன். அவர்கள் என்னை என்ன திட்டினார்களோ, சத்தத்தில் கேட்கவில்லை. நான் சரியாகத்தான் செய்தேன், இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். ஆனால் ஊருக்கு உபதேசம் செய்வது சுலபம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

உனக்கும் அதையே செய்தேன். தொடக்கப்பள்ளி அறிவியல் போட்டிக்கு நீ பயறு வளர்த்தாய், இருட்டில் ஒரு கிண்ணம், வெளிச்சத்தில் ஒரு கிண்ணம். இருட்டில் இருந்தது வாடுகிறதே என்று பாவப்பட்டு அதற்கு மட்டும் இரண்டு நாள் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிவிட்டாய். என்னிடம் சொன்னாய். நான் உன்னை ஆசிரியையிடம் போய்ச் சொல்ல வைத்தேன். நீ பேருந்து நிறுத்தம் வரை அழுதுகொண்டே போனாய், ஆனால் போய்ச் சொன்னாய், உன்னை மூன்றாம் இடத்துக்கு இறக்கினார்கள். உனக்கு அப்போது பதினோரு வயது, ஒரே நாளில் சொல்லிவிட்டாய். எனக்கு அறுபத்தேழு வயது, பதினோரு நாள் ஆகியிருக்கிறது.

ஏன் இவ்வளவு நாள் என்று யோசித்துப் பார்த்தேன், உன் வேலையைப் பற்றிய பயம் என்றுதான் முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். நீ இங்கிருந்து போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதில் என்னிடம் எதையும் கேட்டதில்லை. படிப்புக்கு நீயே உதவித்தொகை வாங்கிக்கொண்டாய், மூன்று முறை வீடு மாறினாய், மாறிய பிறகு முகவரி அனுப்பினாய். போன வருடம் குடல்வால் அறுவை நடந்து மூன்றாம் நாள் எங்களுக்குச் சொன்னாய், சொல்லும்போதும் நாங்கள்தான் நோயாளி மாதிரி எங்களைத் தேற்றினாய். குறை சொல்லவில்லை, அப்படித்தான் உன்னை வளர்த்தேன், எதிலும் ஒட்டாமல் நிற்கிற பிள்ளை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். ஜூலை மாதம் நீ போன் செய்து, அப்பா எனக்கு ஒரு உதவி வேணும் என்றாய். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டேன், அம்மா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். நீ கேட்டது அந்த ஒன்றுதான். அதைத்தான் கெடுத்தேன். சொல்லிவிட்டால் இனி என்னிடம் எதுவும் கேட்க மாட்டாய் என்று பயந்தேன், தாரணி. அதற்காக உன்னை ஒரு பொய்யின் மேல் ஏற்றி மேடையில் நிற்க வைக்கப் பார்த்தேன். நீ பேசி முடித்து, நாளைக்கு வேறு யாரோ அதே பாறைக்குப் போய் ஒழுங்கான பெட்டியில் எடுத்து ஆறு மில்லிகிராம்தான் என்று சொல்லியிருந்தால், உரிந்து வருவது உன் பெயர், கை என்னுடையது.

இனி என்ன செய்வது என்பதை நீதான் தீர்மானிக்க வேண்டும், அதில் நான் மூக்கை நுழைக்க மாட்டேன். அந்த நெட்டைக் கம்பியை எடுத்துவிட்டால் உன் பேச்சில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது, கொஞ்சமாகத்தான் இருக்கும் என்று பயமாக இருக்கிறது. அந்த இரண்டு பேருக்கு அது போதாமல் போனால் அந்தப் பாவம் என்னைச் சேர்ந்தது, மன்னித்துக்கொள் என்று எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். யாராவது மூன்றாவது மாதிரி எங்கே என்று கேட்டால், தவறு நேர்ந்துவிட்டது என்று மழுப்பாதே. முப்பத்தொரு வருடம் அந்த மாதிரி அறிக்கைகளைப் படித்துத் திருப்பி அனுப்பியவன் நான், தவறு தானாக வந்து நேராது. எடுத்தவர் முத்தையா, செம்புப் பாத்திரத்தில் ஊற வைத்தார், தள்ளுபடி என்று என் பெயரைப் போட்டே சொல். ஷபானா மேல் சந்தேகம் வரக் கூடாது, அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை. அவளுக்கு நாளைக் காலை நானே போன் செய்து சொல்லிவிடுவேன், இந்த முறை சிரிக்க மாட்டேன்.

நாளை பத்து மணிக்குக் கூரியர்காரர் வருவார். செவ்வாய்க்கிழமைக்குள் உன் கையில் இருக்கும் என்கிறார்கள். அவரிடம் உறையைக் கொடுத்த கையோடு இன்றிரவே படம் பிடித்து வைக்கப்போகும் எல்லாப் பக்கத்தையும் உனக்குப் போனில் அனுப்பிவிடுவேன், பின்னாலேயே ஓடிப்போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஆள் நான் என்று எனக்குத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு, அங்கே நேரம் எதுவோ அதன்படி. பிரிஸ்பேனில் வெயில் என்கிறார்கள், கம்பளிச் சட்டையை அங்கே தூக்கிக்கொண்டு போகாதே. கூட்டத்துக்கு முன்னால் வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே, பேசும்போது வேகமாகப் பேசாதே, உனக்குப் பதற்றம் வந்தால் வேகம் வரும். அம்மாவும் நானும் உனக்கு எல்லா நலமும் வர வேண்டுகிறோம். உன் கை பட்டதெல்லாம் துலங்கட்டும், என் கை பட்டது போகட்டும்.

ஒரு நினைவூட்டல். நவம்பர் இருபதாம் தேதி அமாவாசை. அன்று மாலையில் தண்ணீர் நன்றாக இறங்குகிறது, அட்டவணையில் பார்த்துவிட்டேன். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஆறும், அகலமான பிளாஸ்டிக் தட்டு இரண்டும் வாங்கி, நீ குறிப்பில் எழுதியிருந்த மாதிரியே கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அனுமதிச் சீட்டுக்கு ஷபானாவிடம் நான் கேட்கக் கூடாது, நீதான் கேட்க வேண்டும். அவளிடம் கேள். அதற்கு முன்னால் என்னிடம் இன்னொரு முறை கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா
முத்தையா